பச்சை இறகுத் தொப்பி

நியூ ஆம்ஸ்டர்டாம், கயானா
ஜூன் 9, 1985

என் அருமைத் தம்பி தேவுக்கு,

உன் தீதி துலாரி எழுதுகிறேன். சீதாராம். நீயும் சுமிந்த்ராவும் பிள்ளைகளும் சுகந்தானே? நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் அத்தானுக்கு முழங்கால் வலி. வயல் வேலை என்றால்தான் வலிக்கும், டோமினோ ஆட உட்கார்ந்தால் வலிக்காது.

நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பத்திரிகையில் பெயர் வருகிறவர்களுக்கு அக்காவுக்கு எழுத எங்கே நேரம்? போகட்டும். இந்த அரசாங்கம் கோதுமை மாவை நாட்டுக்குள் விடுவதில்லை என்று உனக்குத் தெரியும். அரிசி மாவில் ரொட்டி தட்டித் தட்டி என் கை ஓய்ந்துவிட்டது. கல்லில் போட்டால் கல்லைக் கட்டிக்கொள்கிறது, எடுத்தால் உடைகிறது. உன் அத்தான் அதைக் கரண்டியால் சாப்பிடுகிறார். யாராவது வந்தால் அந்த "பால்பவுடரை" கொஞ்சம் கொடுத்தனுப்பு. கிறிஸ்துமஸ் கேக்குக்காவது வேண்டும். பக்கத்து வீட்டு மிஸ் யூனிஸும் நானும் ஈஸ்டருக்கே பழங்களை ரம்மில் ஊறப்போட்டுவிட்டோம். ஜாடி அவள் வீட்டில் இருக்கிறது. நம் வீட்டில் வைத்தால் பழம் இருக்கும், ரம் இருக்காது.

ஏற்கெனவே எதையும் சரியாகக் காட்டாத என் பழைய கண்ணாடியும் உடைந்துவிட்டது. உன் கடிதம் வந்தாலும் மிஸ் யூனிஸ்தான் படித்துச் சொல்ல வேண்டும். இதைத் தட்டுத்தடவி எழுதுகிறேன், கோணல்மாணலைப் பார்த்துச் சிரிக்காதே.

வருஷக் கடைசியில் தேர்தல் வரும் என்கிறார்கள். தேர்தல் நாளில் நீ எங்கள் மிஸ் யூனிஸைப் பார்க்கணும். சர்ச்சுக்குக்கூடப் போடாத ஒரு தொப்பி பெட்டியிலிருந்து வெளியே வரும். நீல இறகு வைத்த தொப்பி. அதை ஊசி குத்தி வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி நடப்பாள். யாருக்கு ஓட்டு என்று கேட்கவே வேண்டாம். தொப்பிக்குக் கீழே இருக்கிற சுருட்டை முடி சொல்கிற இடத்தில் கை குறி போட்டுவிட்டு வந்துவிடும். சிரிக்கத்தான் எழுதுகிறேன். அவளை விட்டால் எனக்கு இங்கே யார்?

சுமிந்த்ராவை இடுப்பு வலிக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்.

உன் தீதி,
துலாரி


சான் ஃபெர்னாண்டோ, டிரினிடாட்
ஆகஸ்ட் 24, 1985

அன்புள்ள தீதிக்கு,

உன் கோணல்மாணல் கையெழுத்தைப் படிக்க எனக்கே ஒரு மிஸ் யூனிஸ் தேவைப்பட்டாள். எல்லாரும் நலம். சுமிந்த்ராவின் இடுப்பு வேப்பெண்ணெய்க்கு அடங்கவில்லை. வீடே வேப்பமரமாக நாறுகிறது, வலி அப்படியே இருக்கிறது.

மிஸஸ் பூத்ராம் வியாபாரத்துக்கு உங்கள் ஊர்ப்பக்கம் வருகிறாள். இரண்டு பால்பவுடர் டப்பா கொடுத்திருக்கிறேன். மேலே நிஜமாகவே கொஞ்சம் பால்பவுடர் தூவியிருக்கிறது. அத்தானைக் காபியில் கலக்கச் சொல்லாதே, பசையாகிவிடும்.

ஒரு நல்ல சேதி. உங்கள் ஜனாதிபதி காலமானதிலிருந்து இங்கே எல்லாருக்கும் கயானா மேல் திடீர் அக்கறை. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உன் அக்கா அங்கதானேய்யா இருக்கு? தேர்தல் முடியிற வரைக்கும் வாராவாரம் எழுது" என்றார். ஞாயிற்றுக்கிழமை, நடுப்பக்கம், என் படத்தோடு. பதினெட்டு வருஷமாக மாநகராட்சிச் சாக்கடையைப் பற்றி எழுதியவனுக்கு இது கொஞ்சநஞ்சமில்லை. இனமும் ஓட்டும் என்பதுதான் பொருள்: நம் இந்திய ஆட்கள் ஒரு கட்சிக்கு, கறுப்பர்கள் இன்னொரு கட்சிக்கு. யார் எந்த முகத்தோடு பிறந்தார்களோ அந்த முகத்துக்குத்தான் ஓட்டு என்பதை யாராவது துணிந்து எழுத வேண்டாமா?

அங்கே நடப்பதை எனக்கு எழுது. மிஸ் யூனிஸ் பற்றியும் எழுது. அவளுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தம்பி,
தேவ்


நியூ ஆம்ஸ்டர்டாம்
செப்டம்பர் 15

என் நடுப்பக்கத் தம்பிக்கு,

தீதியின் ஆசிகள். பிள்ளைகளுக்கு முத்தம். டப்பா பத்திரமாக வந்தது. முதல் ரொட்டியை உப்ப வைத்து எடுத்தபோது உன் அத்தான் கண்ணில் தண்ணீர். எனக்காகக்கூட இருபது வருஷத்தில் அவர் அப்படி அழுததில்லை.

ஒரு டப்பா மிஸ் யூனிஸுக்குக் கொடுத்தேன். எது வந்தாலும் பாதி அவளுக்கு, அவளுக்கு எது வந்தாலும் பாதி எனக்கு. டப்பாவைச் சுற்றியிருந்த தாளையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டோம். சிரிக்காதே. இங்கே பத்திரிகைத் தாளுக்கும் பஞ்சம். உங்கள் ஊர்த் தாள் வந்தால் அதை இஸ்திரி போட்டு நீவி, மாடிக்குக் கீழே ஊஞ்சலில் உட்கார்ந்து, மிஸ் யூனிஸ் உரக்கப் படிப்பாள். நான் கேட்டுக்கொண்டே பட்டாணி உரிப்பேன். விளம்பரத்தையும் விடமாட்டாள். இந்தத் தடவை ஒரு மூலையில் உன் பெயர் இருந்தது. சாக்கடைக் கட்டுரைதான். "நம்ம பையன் எழுதியிருக்கான் பாரு" என்று கத்தரித்து பைபிளுக்குள் வைத்துவிட்டாள். உன்னை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் நம்ம பையனாம்.

அதனால் சொல்கிறேன். நெல் விலையை எழுது, மின்சாரம் நின்று போவதை எழுது, உன் அத்தான் முழங்காலைக்கூட எழுது. முகம், ஓட்டு என்று ரொம்பத் தோண்டாதே. அறுபத்துநாலில் கலவரம் நடந்தபோது இந்தத் தெருவில் பாதிப்பேர் வீட்டை மாற்றிக்கொண்டு அவரவர் ஆட்களோடு போய்விட்டார்கள். உன் அத்தான் போகவில்லை. யூனிஸும் போகவில்லை. அதற்குமேல் நாங்கள் அதைப் பேசுவதும் இல்லை.

உன் தீதி,
துலாரி


சான் ஃபெர்னாண்டோ
அக்டோபர் 8

அன்புள்ள தீதிக்கு,

எல்லாரும் சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

மூன்று கட்டுரை வந்துவிட்டது. பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் கை குலுக்குகிறார்கள். மூன்றாவதில் ஒரு வரி அப்படியே பற்றிக்கொண்டது. சாராயக் கடையில் அதைச் சொல்லி மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். எந்த வரி என்று கேட்காதே, நேரில் வந்தால் படித்துக் காட்டுகிறேன்.

இந்த வீட்டில் மட்டும் மரியாதை இல்லை. சுமிந்த்ரா என் கட்டுரையைப் படிப்பதே இல்லை. "எழுதறதத்தான் நாள் முழுக்க வாயால கேக்குறேனே" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைத் தாள் அவளுக்கு மீன் சுற்ற நல்ல அகலம்.

மிஸஸ் பூத்ராம் மறுபடி வருகிறாள். மூன்று டப்பாவும் உலர்திராட்சையும் சுமிந்த்ராவே கட்டி வைத்திருக்கிறாள். உன் கண்ணாடிக்கு அளவு எழுது.

அன்புத் தம்பி,
தேவ்


நியூ ஆம்ஸ்டர்டாம்
அக்டோபர் 29

தம்பி தேவுக்கு,

உன் அத்தானும் நானும் சுகம். உங்கள் சுகத்துக்கும் பிரார்த்தனை.

மாவு வந்தது. அதைச் சுற்றியிருந்த தாளும் வந்தது.

வழக்கம்போல டப்பாவைப் பிரித்து, தாளை நீவி வைத்தேன். நடுப்பக்கத்தில் ஒரு ஆள் படம் இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மிஸ் யூனிஸ் வந்து பார்த்துவிட்டு, "அடி பொண்ணே, நம்ம பையன் படத்தோட வந்திருக்கான்! மூக்கு உன் மூக்கேதான்!" என்று ஊஞ்சலில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். சர்ச்சில் வேதம் வாசிக்கப் போகிறவள் மாதிரி நிமிர்ந்துகொண்டாள்.

"கயானாவில் நடப்பது தேர்தல் அல்ல, தலைக் கணக்கு" என்று ஆரம்பித்தது. சரிதான் என்று தலையை ஆட்டினாள். பிறகு வந்தது. நீ எழுதினது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "என் சகோதரியோடு ஒரு வேலியையும் ஒரு ரொட்டியையும் பகிர்ந்துகொள்ளும் கறுப்பினப் பெண்மணி ஒருவர், தேர்தல் நாளில் நீல இறகு வைத்த தொப்பியை அணிந்து புறப்படுவார். அவர் யாருக்கு வாக்களிப்பார் என்று கேட்க வேண்டியதில்லை. தொப்பிக்குக் கீழே உள்ள சுருட்டை முடி சொல்லும் இடத்தில் கை குறி போடும்."

அவள் நிறுத்தவில்லை, தேவ். குரல்கூட மாறவில்லை. அதே குரலில் கடைசி வரி வரைக்கும் படித்தாள், கீழே இருந்த சோப்பு விளம்பரத்தையும் படித்தாள். தாளை மடித்தாள். "உன் தம்பி நல்லா எழுதுறான்" என்றாள். எழுந்து போய்விட்டாள். என் பட்டாணிக் கிண்ணம் மடியிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் வேலிக்கம்பத்தின்மேல் ஒரு போத்தல். உள்ளே ஊறின பழத்தில் சரிபாதி. ரம்மும் சரிபாதி, ஒரு சொட்டு கூடக்குறைய இல்லை. நான் கொடுத்திருந்த மாவு டப்பா பக்கத்தில், மூடி திறக்காமல். இனி உன் கடிதத்தை உன் அத்தான்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்ல வேண்டும்.

அவளைப் பற்றி அப்படி எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? உன் பெயரை பைபிளுக்குள் வைத்திருந்தவளடா அவள்.

துலாரி


சான் ஃபெர்னாண்டோ
நவம்பர் 10

என் அன்புள்ள தீதிக்கு,

சுகம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அத்தான் முழங்கால் எப்படி?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தப்பு என்னுடையது. அந்த வரியும் என்னுடையதுதான், நானே இட்டுக்கட்டியது. பெயர் போடவில்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். எழுதியபோது அவள் எனக்கு ஒரு ஆளாகத் தோன்றவில்லை, ஒரு உதாரணமாகத் தோன்றினாள். சாக்கடையைப் பற்றி எழுதினால் சாக்கடை பதிலுக்கு வருத்தப்படாது. அந்தப் பழக்கம்.

சுமிந்த்ராவிடம் சொன்னேன். தாளைச் சுற்றி அனுப்பியது அவள் என்பதால் அவள் மேலும் கொஞ்சம் பழி போடப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

இதோடு மிஸ் யூனிஸுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இங்கே சாராயக் கடையில் யாரோ கயானாக்காரர் சொல்லக் கேட்டு, தெரியாமல் அவள்மேல் பொருத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். வேலிமேல் வைத்துவிடு, போதும்.

நீ என்மேல் கோபமாகவே இரு. ஆனால் எழுதாமல் இருக்காதே, தீதி.

உன் தம்பி,
தேவ்


நியூ ஆம்ஸ்டர்டாம்
நவம்பர் 20

மதிப்புக்குரிய மிஸ்டர் தேவ் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் நலம். உங்கள் வீட்டிலும் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் வேலிக்கம்பத்தில் கிடைத்தது, மேலே ஒரு கல் வைத்து. மழை வரும் என்றுகூட யோசிக்காமல் வைத்திருக்கிறாள் உங்கள் அக்கா.

மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். ஆனால் நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கலாம். சான் ஃபெர்னாண்டோ சாராயக் கடைக்கு என் தொப்பி எப்படித் தெரியும்? பல வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருகிற தொப்பி அது. அதை நீலம் என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவள் கண்ணுக்கு என் கோழிகூட நீலம்தான். அந்த இறகு பச்சை. படிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று நீங்கள் எழுதியது எனக்கு வலிக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிடுவார்கள், எங்கள் ஊர்க்காரர்களும் அப்படித்தான். இருபது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அதுதான்.

எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லாதீர்கள். அவளே வேலிக்கு வரட்டும். ஒவ்வொரு நாளும் வேலிவரைக்கும் வருகிறாள், கோழியைத் துரத்துகிற மாதிரி நிற்கிறாள், போய்விடுகிறாள். நானும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்கிறேன். இரண்டு கிழவிகள்.

அடுத்த தடவை என் தொப்பியைப் பற்றி எழுதுவதாக இருந்தால் வந்து தொப்பியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
யூனிஸ் கிரிட்ச்லோ


சான் ஃபெர்னாண்டோ
நவம்பர் 30

அன்புள்ள தீதிக்கு,

நீ ஒரு மாதமாக எழுதவில்லை. சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம்.

மிஸஸ் பூத்ராம் கையில் உனக்குக் கண்ணாடி கொடுத்திருக்கிறேன். அளவு நீ எழுதவில்லை, சுமிந்த்ராவின் கண்ணாடி மாதிரியே வாங்கினேன். போட்டுப் பார். நீ பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

மிஸ் யூனிஸ் எனக்குப் பதில் எழுதியிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று சொல்லக்கூடாது என்பது உத்தரவு. என் வாழ்க்கையில் ஒரு சேதியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிடாமல் இருப்பது இதுதான் முதல் தடவை, வயிறு உப்பிக்கொண்டு வருகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். போ. கோழியை விட்டுவிட்டு வேலிக்குப் போ.

தொடரை நான் நிறுத்திவிட்டேன். ஆசிரியர் திட்டினார். என் இடத்தில் வேறொருவன் எழுதுகிறான், அந்த வரியை அவனும் எடுத்துப் போட்டுவிட்டான். இப்போது அது யார் வரியும் இல்லை. சந்தையில் ஒருவன் அதைத் திருப்பி நம் ஆட்களைப் பற்றிச் சொல்கிறான், "முக்காட்டைப் பார்த்தாலே ஓட்டு தெரியுமே" என்று. சுமிந்த்ரா காய் வாங்கிக்கொண்டிருந்தாள். சிரிக்காமல் வீட்டுக்கு வந்தாள்.

உன் தம்பி,
தேவ்


நியூ ஆம்ஸ்டர்டாம்
டிசம்பர் 13

என் கண்ணான தம்பிக்கு,

சீதாராம், சீதாராம். நாங்கள் நல்ல சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

கண்ணாடி தேர்தலுக்கு முந்தின நாள் வந்தது. போட்டுக்கொண்டு முதலில் முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்றேன். இவ்வளவு நரையா? உன் அத்தான் இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் நின்றேன். யூனிஸ் எப்போது வருவாள் என்றுதான் நின்றேன், வேறென்ன? கதவு திறந்தது. வந்தாள். தலையில் தொப்பி இல்லை. ஒரு பழைய துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மீன் வாங்கப் போகிறவள் மாதிரி, குனிந்த தலையோடு படியிறங்கினாள். அவள் கோபமாகப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செருப்புக்கூடப் போடவில்லை. ஓடினேன். வேலி ஓரத்தில் நின்று, "யூனிஸ், அவன் இல்ல, நான்தான். நான்தான் அவனுக்கு எழுதினேன். முடி, கை, எல்லாம் நான் சொன்னது. அவன் காப்பி அடிச்சான், அவ்வளவுதான்" என்று கத்தினேன். தெருவில் போன வண்டிக்காரன் நின்று பார்த்தான்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முடிஞ்சுதா?" என்றாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். இத்தனை நாள் என் கோழியத் துரத்திக்கிட்டு நிக்குறியே, அது முட்டை போடறதையே விட்டுருச்சு."

நான் அழுதுவிட்டேன். அவள் சொன்னாள்: "என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன் பொண்ணே. கடலைத் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்க பாரு, அதான் உள்ள இறங்கிருச்சு. வா, அழுதது போதும். தொப்பியை எடு. இன்னைக்கு ஊசிய நீ குத்து."

பெட்டியிலிருந்து நான்தான் எடுத்தேன். பச்சை இறகு, தேவ்! கிளிப்பச்சை. இத்தனை வருஷம் நீலம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஊசி குத்தும்போது, "மண்டையில குத்தாதடி, ஓட்டு போடணும்" என்றாள்.

நடந்து போகும்போதுதான் அந்தத் தொப்பி யாருடையது என்று கேட்டேன். இருபது வருஷத்தில் கேட்டதில்லை. அவள் அம்மாவுடையது. ஐம்பத்துமூன்றில், படித்தவன் படிக்காதவன் என்று இல்லாமல் எல்லாருக்கும் ஓட்டு வந்த முதல் வருஷம், அதற்கென்றே வாங்கினதாம். "வரிசையில எங்கம்மாவுக்கு முன்னாடி நின்னது யாரு தெரியுமா? உன் மாமியார். வெள்ளை முக்காடு போட்டுக்கிட்டு. ரெண்டு பேரும் ஒரே சின்னத்துல குறி போட்டாங்க. அந்த வருஷம் இந்தத் தெருவே ஒரே சின்னந்தான். வெளிய வந்து ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லிச் சிரிச்சுதுங்களாம். அதுக்கப்புறம் இங்க யாரும் யார்கிட்டயும் சொன்னதில்ல. யாரும் கேக்குறதும் இல்ல, எல்லாருக்கும் தெரியும்னு நெனப்பு."

வரிசையில் நான் அவளுக்கு முன்னால் நின்றேன். உள்ளே போனோம், வந்தோம், விரலில் மை. அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எனக்குத் தெரியாது என்பதே முதல் தடவையாக நன்றாக இருந்தது.

முடிவு ரேடியோவில் சொன்னார்கள். அதை உன் பத்திரிகை எழுதட்டும். சாயங்காலம் என் போத்தலைக் கொண்டுபோய் அவள் ஜாடியிலேயே திரும்ப ஊற்றினேன். அளவு கொஞ்சம் குறைந்திருந்தது. உன் அத்தான் வேலை.

நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையேடா. "நீ எழுதினதுதானே தீதி" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் உன்னைத் திட்டினபோதுகூடச் சொல்லவில்லை. நீ வாயைத் திறக்காமல் இருந்தது எனக்கு மாவைவிடப் பெரிது.

கேக் வருகிறது. யூனிஸ்தான் சுற்றிக் கட்டினாள்.

உன் தீதி,
துலாரி


சான் ஃபெர்னாண்டோ
ஜனவரி 7, 1986

அன்புள்ள தீதிக்கும் மிஸ் யூனிஸுக்கும் சேர்த்து எழுதுவது,

புது வருஷ வாழ்த்துகள். எல்லாரும் சுகம். மிஸ் யூனிஸே இதை ஊஞ்சலில் உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டும், கண்ணாடி வந்திருந்தாலும்.

கேக் வந்தது. அதைச் சுற்றியிருந்த தாளும் வந்தது. என் படத்தின்மேல் ரம் ஊறி எனக்கு மீசை முளைத்திருக்கிறது.

சுமிந்த்ரா அதைத் தூக்கிப் போடுவாள் என்று நினைத்தேன். இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். "அங்க இப்படித்தானே படிப்பாங்க?" என்று நீவி எடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாள். என் கட்டுரையை அவள் முழுதாகப் படித்தது இதுதான் முதல் தடவை. நீல இறகு என்ற இடத்தில் பென்சிலால் நீலத்தை அடித்து, பச்சை என்று மிஸ் யூனிஸ் திருத்தியிருந்ததை அப்படியே திருத்திப் படித்தாள். மற்ற எதையும் நீங்கள் திருத்தவில்லை, மிஸ் யூனிஸ். திருத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரல் மாறாமல் ஒரு ஆள் அதைப் படிக்க, எதிரே உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

சோப்பு விளம்பரம் வரைக்கும் முடித்துவிட்டுத் தாளை மடித்தாள். எங்களுக்கும் இந்த வருஷக் கடைசியில் தேர்தல்.

"போன தேர்தல்ல நான் யாருக்குப் போட்டேன்?" என்றாள்.

இது என்ன கேள்வி? நம் வீடு, நம் ஆட்கள், என் அப்பா காலத்திலிருந்து ஒரே சின்னம். யோசிக்காமல் பெயரைச் சொன்னேன்.

சிரித்தாள், தீதி. இடுப்பு வலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகள் ஓடி வந்து, என்ன என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தாள். அப்படியென்றால் யாருக்கு என்று கேட்டேன். "முக்காட்டுக்கிட்ட கேளுங்க" என்றாள். கெஞ்சிக்கூடக் கேட்டுவிட்டேன். சொல்லமாட்டேன் என்கிறாள்.

பிறகு கேக்கை வெட்டினாள். எனக்கு வைத்த துண்டு மற்ற எல்லாருடையதையும்விடச் சின்னது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். ஈஸ்டருக்கு இரண்டு பேரும் வருகிறோம், மிஸ் யூனிஸ். தொப்பியைப் பார்க்க.

உங்கள் தம்பி,
தேவ்